நிறம் போனது, சாயம் போனதா? மாந்தோல் வெள்ளி நானோ துகளும் ஒரு நீல வளையமும்

மாந்தோப்பு (நகரி):

அனைவருக்கும் வணக்கம். நான் வேதியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. எங்கள் பக்கத்தில் ஆனி, ஆடி மாதங்களில் மாங்கூழ் ஆலைகளின் பின்புறம் தோத்தாபுரித் தோலும் கொட்டையும் மலையாகக் குவிந்து புளித்து நாறுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்தத் தோலில் பாலிஃபீனால்கள் நிறைந்திருப்பதால், அதன் சாற்றைக் கொண்டு வெள்ளி நானோ துகள் தயாரித்துச் சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்க முடியுமா என்பதே என் ஆய்வேட்டின் பொருள்.

உலர்த்திப் பொடித்த தோல் 10 கிராமை 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 60 டிகிரியில் அரை மணி நேரம் வைத்திருந்து வடிகட்டினேன். அந்தச் சாறு 10 மில்லியை, 1 மில்லிமோலார் வெள்ளி நைட்ரேட் கரைசல் 90 மில்லியில் சேர்த்தபோது, வெளிர் மஞ்சளாக இருந்த கலவை நாற்பது நிமிடத்தில் கருப்பட்டிக் காப்பியின் நிறத்துக்கு வந்தது. நிறமாலைமானியில் வெள்ளி நானோ துகளுக்கே உரிய 430 நானோமீட்டர் அருகே ஒரே உறிஞ்சு மேடு தெரிந்ததால், வெள்ளி நானோ துகள் உருவானது பற்றி எனக்கு ஐயம் இல்லை.

அடுத்து, லிட்டருக்கு 10 மில்லிகிராம் செறிவுள்ள மெத்திலீன் நீலக் கரைசல் 100 மில்லியில், அப்போது தயாரித்த 0.1 மோலார் சோடியம் போரோஹைட்ரைடு (எலக்ட்ரான் கொடுக்கும் ஒடுக்கி) கரைசல் 10 மில்லியும் நானோ துகள் கரைசல் 1 மில்லியும் சேர்த்தேன். ஒன்பது நிமிடத்தில் நீலம் மறைந்தது. 664 நானோமீட்டரில் இருந்த, அந்தச் சாயத்துக்குரிய மேடு தரையோடு படுத்துவிட்டது.

மறுநாள் காலை கழுவிக்கொள்ளலாம் என்று மேசையிலேயே விட்டுச் சென்ற அளவுக் குடுவையில், நீர் மட்டத்தை ஒட்டி ஒரு விரற்கடை அளவுக்கு நீல வளையம் நின்றது. அதற்குக் கீழே நீர் தெளிவாகவே இருந்தது. என்ன இது என்று கையில் எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கியதும் குடுவை முழுவதும் நீலமாகிவிட்டது. குடுவை சரியாகக் கழுவப்படாமல் இருந்திருக்கும் என்றும், சாயம் முழுமையாகச் சிதைந்தது என்றே எழுத வேண்டும் என்றும் வழிகாட்டி கூறுகிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இதை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

நீலத்தொட்டி (ஏகாம்பரகுப்பம்):

அம்மா, நான் கல்லூரி வாசலை மிதிக்காதவன். ஆனால் முப்பது ஆண்டுகளாகச் சாயத்தொட்டியில் கை வைத்தவன். நீங்கள் குடுவையில் பார்த்ததை நான் நாள்தோறும் தொட்டியில் பார்த்திருக்கிறேன். வாட் வகை நீலச் சாயத்தைக் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் (சோடியம் ஹைட்ரோசல்பைட் என்ற ஒடுக்கும் பொருள்) போட்டுக் கரைத்தால் தொட்டியில் நீலம் இருக்காது. பச்சை கலந்த மஞ்சளாகத்தான் நீர் நிற்கும். நூல் சிட்டத்தை முக்கித் தூக்கிப் பிழிந்து உதறும்போது, காற்றுப் பட்ட இடமெல்லாம் கண் முன்னே நீலமாக மாறும். தொட்டியை இரவு மூடாமல் விட்டால் காலையில் மேலே நீல ஆடை கட்டியிருக்கும். சாயம் எங்கும் போய்விடவில்லை, வேறு உருவில் ஒளிந்திருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். உங்கள் மெத்திலீன் நீலமும் அப்படித்தான் ஒளிந்திருக்க வேண்டும்.

இன்னொரு ஐயமும் எனக்கு உண்டு. ஹைட்ரோஸ் போட்டால் எங்கள் கழிவுநீரிலும் பல நிறங்கள் போய்விடும். அதைச் செய்ய வெள்ளி எதற்கு?

சோதனைக்குழாய் (திருத்தணி):

பெரியவர் சொன்னது முற்றிலும் சரி. வேதியியல் பாடமாக நான் சொல்ல வேண்டியதை அவர் தொட்டியை வைத்தே சொல்லிவிட்டார். சில விவரங்களை மட்டும் சேர்க்கிறேன்.

மெத்திலீன் நீலம் இரண்டு எலக்ட்ரான்களையும் ஒரு ஹைட்ரஜன் அயனியையும் ஏற்றுக்கொண்டால் லியூக்கோ மெத்திலீன் நீலம் என்ற நிறமற்ற சேர்மமாகிறது. மூன்று வளையங்கள் கொண்ட அதன் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. நிறத்தைத் தரும் தொடர் பிணைப்பு மட்டுமே அறுபடுகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களைப் பறித்துக்கொண்டால் மறுபடியும் நீலம். பள்ளிக் கண்காட்சிகளில் குளுக்கோஸும் காரமும் கலந்து, குலுக்கினால் நீலமாகவும் வைத்தால் நிறமற்றதாகவும் மாறும் குப்பியைக் காட்டுவார்களே, அதே வினைதான் உங்கள் மேசையிலும் நடந்திருக்கிறது. போரோஹைட்ரைடு இரவு முழுவதும் நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனாகக் குமிழியிட்டுத் தீர்ந்துபோனது. அதன் பிறகு காற்றுக்கு எதிர்ப்பில்லை. காற்று முதலில் தொடும் மேற்பரப்பில் வளையம் தோன்றியது. குடுவை அழுக்காக இருந்திருந்தால் நீலம் அடியிலும் சுவரிலும் திட்டுத்திட்டாக இருந்திருக்குமே தவிர, நீர் மட்டத்தில் இவ்வளவு ஒழுங்காக நின்றிருக்காது.

இந்த வினையில் எலக்ட்ரான்களைக் கொடுப்பது வெள்ளி அன்று, போரோஹைட்ரைடு. போரோஹைட்ரைடு அயனியும் சாய அயனியும் துகளின் மேற்பரப்பில் வந்து ஒட்டிக்கொள்ள, துகள் ஒன்றிடம் வாங்கி மற்றொன்றிடம் கொடுக்கிறது. ஆகவே துகள் வேலை செய்கிறது என்பது உண்மை. நல்ல வினையூக்கி என்றும் கூறலாம். ஆனால் அது செய்த வேலைக்குச் சிதைவு என்று பெயரிடுவதுதான் தவறு. நிறம் மறைவது நிறநீக்கம். மூலக்கூறு உடைவது சிதைவு. உடைந்து கரியமில வாயுவும் நீரும் எளிய உப்புகளுமாக முடிவது கனிமமாதல். நம் ஆய்வேடுகளில் இந்த மூன்றும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவது எனக்கு நெடுநாள் எரிச்சல்.

பசுமைத் தயாரிப்பு என்ற சொல்லிலும் இதே குழப்பம் இருக்கிறது. 2004-இல் புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு வேப்பிலைச் சாற்றில் தங்க, வெள்ளி நானோ துகள்களைத் தயாரித்துக் காட்டிய பிறகு, நம் நாட்டில் நொச்சி, துளசி, ஆவாரை என்று கைக்குக் கிடைத்த இலையெல்லாம் ஆய்வகத்துக்குள் வந்துவிட்டது. அங்கே பசுமை என்பது துகளைத் தயாரிக்கும் முறையைக் குறித்தது. அந்தத் துகள் நீரில் போன பிறகு என்ன செய்கிறது, உடன் எதைச் சேர்க்கிறோம் என்பவற்றுக்கு இலை பொறுப்பேற்காது.

செய்து பார்க்க ஒரு வழி சொல்கிறேன். நிறம் போன கரைசலைப் போரோஹைட்ரைடு தீரும் வரை வைத்திருந்து, பிறகு காற்றைச் செலுத்தி நிறமாலையை எடுங்கள். 664-இல் மேடு திரும்பினால் அது லியூக்கோ. மூலக்கூறு உண்மையிலேயே உடையத் தொடங்கியிருந்தால், மேடு குறைவதோடு, மெத்தில் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, 664-இலிருந்து குறைந்த அலைநீளத்தை நோக்கி நகரவும் வாய்ப்புண்டு.

புத்தூரான் (புத்தூர்):

ஐயா, குறை சொல்வது எளிது. மெத்திலீன் நீலம் திரும்பி வரலாம். ஆனால் காங்கோ சிவப்பு, மெத்தில் ஆரஞ்சு போன்ற அசோ சாயங்களில் நிறம் திரும்புவதே இல்லை. நானே இளங்கலையில் செய்து பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் வைத்திருந்தும் திரும்பவில்லை. அங்கேயாவது சிதைவு என்று ஒப்புக்கொள்வீர்களா?

சோதனைக்குழாய் (திருத்தணி):

ஒப்புக்கொள்கிறேன், அசோ சாயங்களில் நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு முழுவதும் ஒடுக்கப்பட்டால் மூலக்கூறு அந்த இடத்தில் இரண்டாக உடைகிறது. ஆனால் உடைந்த துண்டுகள் அரோமாட்டிக் அமீன்கள். காங்கோ சிவப்பை எடுத்துக்கொண்டால் நடுவிலுள்ள துண்டு பென்சிடின். அது சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. அதனால்தான் பென்சிடின் அடிப்படையிலான சாயங்களைக் கையாள 1990-களிலேயே நம் நாட்டில் தடை வந்தது. சிவப்பாகக் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்த ஒன்று, நிறமற்ற நஞ்சாகக் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. நிறம் இருந்தவரையில் ஆற்றோரத்தில் இருப்பவர் அந்த நீரில் மாட்டை இறக்கமாட்டார்.

ஆய்வகங்களின் மற்றொரு செல்லப்பிள்ளை 4-நைட்ரோஃபீனால். 400 நானோமீட்டரில் மஞ்சள் மேடு குறைந்து 300-இல் புதிய மேடு எழும்பும். அது 4-அமினோஃபீனாலாக மாறுகிறது என்பதை எல்லோரும் அறிவார்கள். பாராசிட்டமால் தயாரிப்பவருக்கு அது மூலப்பொருள். நீரைச் சுத்திகரிப்பவருக்கு அது இன்னொரு மாசு.

மாந்தோப்பு (நகரி):

மூன்று நாள்களில் செய்து முடித்தேன். காற்றைச் செலுத்த ஆய்வகத்தில் வசதி இல்லாததால் வீட்டு மீன்தொட்டியின் காற்றுக்குழாயைக் கழற்றிக்கொண்டு போனேன். நிறம் போன கரைசலை இரண்டு நாள் மூடி வைத்து, பிறகு இருபது நிமிடம் காற்றை விட்டேன். 664 மேடு முக்கால் பங்குக்கு மேல் திரும்பி வந்தது, இடம் மாறவில்லை. துகள் இல்லாமல் போரோஹைட்ரைடு மட்டும், போரோஹைட்ரைடு இல்லாமல் துகள் மட்டும், சாறு மட்டும் என மூன்று ஒப்பீடுகளையும் வைத்தேன். முதலாவதில் நீலம் மிக மெதுவாகக் குறைந்தது. மற்ற இரண்டிலும் ஒரு மணி நேரத்தில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. நீங்கள் கூறியபடியே எல்லாம் பொருந்துகிறது.

கசடு (சித்தூர்):

கழிவுநீர் நிலையத்தில் பணியாற்றுபவன் என்ற முறையில் ஒரு கணக்கை மட்டும் முன்வைக்கிறேன். மாணவி கொடுத்த அளவுகளையே பயன்படுத்துகிறேன்.

100 மில்லியில் இருந்த சாயம் 1 மில்லிகிராம். அதற்குச் சேர்த்த போரோஹைட்ரைடு 38 மில்லிகிராம். மூலக்கூறு எண்ணிக்கையில் பார்த்தால் ஒரு சாயத்துக்கு ஏறக்குறைய முந்நூறு போரோஹைட்ரைடு. இதையே 10,000 லிட்டர் கொண்ட ஒரு தொட்டிக்குப் பெருக்கினால், 100 கிராம் சாயத்தின் நிறத்தைப் போக்க 3.8 கிலோ போரோஹைட்ரைடு வேண்டும். அதன் விலையை ஒருபுறம் வைப்போம். அதிலுள்ள போரான் முழுவதும் போரேட்டாக நீரிலேயே தங்கிவிடும்; லிட்டருக்கு ஏறக்குறைய 100 மில்லிகிராம் போரான். பாசன நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் வரம்பு 2 மில்லிகிராம். போரான் மிகுந்தால் இலையின் நுனியும் ஓரமும் கருகும். மாந்தோலில் தயாரித்த துகளைக் கொண்டு மாந்தோப்பையே கருக்கும் நீரை உண்டாக்குகிறோம் என்பது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது.

வெள்ளியையும் பார்க்க வேண்டும். ஒரு மில்லி துகள் கரைசலில் ஏறக்குறைய 0.1 மில்லிகிராம் வெள்ளி. அது 111 மில்லி கலவையில் லிட்டருக்கு 0.9 மில்லிகிராம் ஆகிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் வெள்ளியின் மேல்வரம்பு 0.1. எங்கள் நிலையத்தில் உயிரியல் தொட்டி ஒன்று உண்டு. அதில் கழிவைத் தின்று தீர்ப்பவை பாக்டீரியாக்கள். பாக்டீரியாவைக் கொல்வதற்கென்றே பெயர்பெற்ற வெள்ளியை அந்தத் தொட்டிக்குள் அனுப்ப நான் கையெழுத்திட மாட்டேன்.

நீலத்தொட்டி (ஏகாம்பரகுப்பம்):

கணக்குப் போட்டவருக்கு நன்றி. நான் கேட்க நினைத்தது இன்னும் ஒன்று. எங்கள் பட்டறையில் மெத்திலீன் நீலம் கிடையாது. அது பருத்தி நூலில் நிற்காது. நாங்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். தொட்டியில் லிட்டருக்கு 40 கிராம் முதல் 80 கிராம் வரை உப்புப் போடுகிறோம். நிறம் ஏறிப் பிடிக்க சோடா உப்பு வேறு. நூலில் பிடிக்காத சாயமும், போட்ட உப்பு முழுவதும், சோப்புத் தண்ணீரும் சேர்ந்துதான் வெளியே போகின்றன. வடித்த நீரில் வேலை செய்யும் துகள் இந்த நீரில் என்ன ஆகும்?

சோதனைக்குழாய் (திருத்தணி):

திரண்டுவிடும் என்பதே நேரான விடை. நானோ துகள்கள் ஒன்றையொன்று ஒட்டாமல் நீரில் மிதப்பதற்கு அவற்றின் மேலுள்ள மின்னூட்டம் ஒரு முக்கியக் காரணம். உப்பு மிகுந்தால் அந்த மின்னூட்டத்தின் வீச்சு சுருங்கிவிடுகிறது. துகள்கள் நெருங்கி ஒட்டிப் பெரிதாகி அடியில் படிகின்றன. மேற்பரப்பு குறைந்தால் வினையூக்கமும் குறையும். கரைந்து வரும் வெள்ளி அயனியைக் குளோரைடு பிடித்துக்கொள்ளும் தொல்லை வேறு. மாணவி இதை ஐந்து நிமிடத்தில் கண்ணால் பார்க்கலாம்: காப்பி நிறத் துகள் கரைசல் 5 மில்லியில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு வையுங்கள். சாற்றிலுள்ள பொருள்கள் துகளை எவ்வளவு நன்றாகப் போர்த்தியிருக்கின்றன என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

உப்பைப் பொறுத்தவரை, எந்த நானோ துகளாலும் அதைச் சிதைக்க முடியாது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை 2011 ஜனவரியில் மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்ட வழக்கில், நிறத்தோடு நொய்யலில் கலந்த உப்பும் பெரும் பிரச்சினையாக இருந்தது. நம் நகரியாறு குசஸ்தலையாற்றில் கலந்து பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அங்கிருந்து சென்னைக்குப் போகிறது. நிறமற்ற உப்புநீரும் அமீன் கலந்த நீரும் அதே வழியில்தான் போகும்.

புத்தூரான் (புத்தூர்):

அப்படியானால் இந்தத் துறையில் செய்த வேலையெல்லாம் வீணா?

சோதனைக்குழாய் (திருத்தணி):

வீண் என்று நான் கூறவே இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற சேர்மங்கள் வெள்ளி நானோ துகளோடு வினைபுரிந்து உலோகக் குளோரைடும் கரியுமாக முடிவதை அதில் காட்டினார்கள். என்ன போனது என்பதோடு என்னவாக மாறியது என்பதையும் சொன்னதால் அது சிதைவு. பிறகு அதே வழியில், துகள்களை அலுமினாவின் மேல் நிலைநிறுத்தி, பூச்சிக்கொல்லியை நீக்கும் வடிகட்டியாக 2007-இல் சந்தைக்கே கொண்டு வந்தார்கள். துகளை நீரில் கரைத்துவிடாமல் ஒன்றின் மேல் கட்டிவைத்தால், அது நீரோடு போகாது, திரும்பப் பயன்படுத்தவும் முடியும்.

கடுக்காய் (காளத்தி):

நான் கலம்காரி வேலை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவள். இங்கே பேசுவது பொருத்தமா என்று தெரியவில்லை. எங்கள் கறுப்பு நிறம் எப்படி வருகிறது என்றால், துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் போட்டு வாரக்கணக்கில் ஊறவைக்கிறோம். அந்த இரும்பு நீரைத் தொட்டு, கடுக்காயும் பாலும் ஏற்றிய துணியில் கோடு இழுத்தால், இழுக்கும்போது வெளிறிய கோடு கண்ணெதிரே கறுத்துவிடும். மாந்தோலில் இருப்பதும் கடுக்காயில் இருப்பதும் ஒரே துவர்ப்புப் பொருள்தானே? வெள்ளிக்குப் பதில் இரும்பை வைத்து ஏன் செய்யக்கூடாது?

சோதனைக்குழாய் (திருத்தணி):

மிகவும் பொருத்தம், அம்மா. 2009-இல் அமெரிக்காவில் ராஜேந்தர் வர்மா உள்ளிட்ட குழுவினர் தேயிலைச் சாற்றையும் இரும்பு உப்பையும் சேர்த்துத் துகள் தயாரித்து, ஹைட்ரஜன் பெராக்சைடோடு பயன்படுத்தி புரோமோதைமால் நீலத்தைச் சிதைத்தார்கள். அதன் அடிப்படை 1894-இல் ஃபென்டன் கண்ட வினை: இரும்பு பெராக்சைடை உடைத்து ஹைட்ராக்சில் தனி உறுப்பைத் தருகிறது. அது ஒடுக்கும் பொருளன்று, மூர்க்கமாக ஆக்சிஜனேற்றம் செய்யும் பொருள், வளையத்தையே திறந்துவிடும். இந்த வழியில் போன மெத்திலீன் நீலம் காற்றை ஊதினால் திரும்பாது.

இதிலும் கண்மூடித்தனம் கூடாது. தேயிலையில் கிடைப்பது தனி இரும்புத் துகளா, அல்லது நீங்கள் துணியில் காணும் அதே இரும்பும் துவர்ப்பியும் (டானின்) சேர்ந்த சேர்மமா என்பதில் பிற்கால ஆய்வுகள் இரண்டாவதன் பக்கம் சாய்ந்திருக்கின்றன. கறுத்துவிட்டது என்பதாலேயே உலோக நானோ துகள் என்று எழுதிவிட முடியாது. தவிர, ஃபென்டன் வினைக்கு பி.எச். 3 அருகில் இருப்பது நல்லது. சாயநீரோ கடும் காரம்.

நீலத்தொட்டி (ஏகாம்பரகுப்பம்):

அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சுண்ணாம்பும் போட்டுக் கழிவைத் தெளியவைப்பது பட்டறைக்காரர்களுக்குப் பழக்கம்தான். இரும்பு என்றால் எங்களுக்குப் பயமில்லை. அடியில் சேரும் சேற்றை எங்கே கொட்டுவது என்பதுதான் எப்போதும் தலைவலி.

கசடு (சித்தூர்):

அந்தத் தலைவலி இரும்பு நானோவிலும் தீராது. அமிலமாக்கி மறுபடி நடுநிலையாக்கும்போது இரும்பு ஹைட்ராக்சைடு சேறாகத்தான் படியும். மாணவிக்கு என் ஒரே வேண்டுகோள்: நிறமாலைமானியோடு நிற்காமல் சி.ஓ.டி. (நீரிலுள்ள கரிமப் பொருளை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) எடுங்கள். சாறு மட்டும் சேர்த்த நீருக்கும் தனியாக எடுங்கள். மாந்தோல் சாற்றில் சர்க்கரையும் துவர்ப்பியும் இருப்பதால் அதுவே சி.ஓ.டி.யைக் கூட்டும், நிறம் குறைந்து சி.ஓ.டி. ஏறிய கரைசல்களை நான் பார்த்திருக்கிறேன். பெராக்சைடு மிச்சம் இருந்தாலும் அளவு பொய்க்கும். முதலில் அதை அழித்துவிட வேண்டும். உப்புநீரானால் குளோரைடு, அந்தச் சோதனையில் ஆக்சிஜனேற்றும் டைகுரோமேட்டைத் தின்றுவிடும்; குளோரைடைக் கட்டிப்போட மெர்குரிக் சல்பேட் சேர்த்தாலும் போதாது, பல மடங்கு நீர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மாந்தோப்பு (நகரி):

உப்புச் சோதனையை இன்று காலை செய்தேன். காப்பி நிறம் பத்து நிமிடத்தில் சாம்பல் நிறமாகி, மாலையில் அடியில் கறுப்புப் பொடி படிந்திருந்தது. பழுத்த தோலில் தயாரித்ததை விடக் காய்த்தோலில் தயாரித்தது சற்று நேரம் தாங்கியது. ஒரே மரத்துத் தோலே இப்படி மாறுமானால், ஆலைக் குவியலில் அள்ளும் தோலைப் பற்றி என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஆய்வேட்டின் தலைப்பில் இருந்த சிதைவு என்ற சொல்லை எடுத்துவிட்டு, நிறநீக்கமும் அதன் மீள்வும் என்று மாற்றிக்கொள்ள வழிகாட்டியிடம் கேட்டிருக்கிறேன். நிறமாலைகளையும் மீன்தொட்டிக் குழாயையும் கொண்டுபோய்க் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் பார்த்தார், மறுக்கவில்லை. மீதமுள்ள இரண்டு மாதங்களில் அன்னபேதியும் மாந்தோல் சாறும் சேர்த்து, பெராக்சைடோடு ஒரு பகுதியைச் செய்ய எண்ணம். வடித்த நீரில் கரைத்த சாயம் போதாது. உண்மையான பட்டறை நீர் வேண்டும். எங்கே கேட்பது என்று தெரியவில்லை.

நீலத்தொட்டி (ஏகாம்பரகுப்பம்):

வியாழக்கிழமை காலையில் சிவப்புத் தொட்டி மாற்றுகிறோம். எட்டு மணிக்குள் வந்தால் முதல் அலசல், இரண்டாம் அலசல், சோப்பு நீர் மூன்றையும் தனித்தனியாகப் பிடித்துக்கொள்ளலாம். எவ்வளவு உப்பு, எவ்வளவு சோடா, எந்தச் சாயம் என்பதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் குப்பியாகக் கொண்டு வாருங்கள், அம்மா. நீர் சூடாக இருக்கும்.

மாந்தோப்பு (நகரி):

வருகிறேன், ஐயா. ஆறு குப்பி போதுமா?

கசடு (சித்தூர்):

ஒன்பது எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று.